டீச்சர் பதில்கள்: வழியில் கொஞ்சம் நிறுத்துங்க!

"லீவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், போகிற வழியில் இருக்கும் விசித்திரமான இடங்களைப் பற்றிக் கேளுங்கள், டீச்சர் பதில் சொல்வார்" என்று போன இதழில் போட்டிருந்தார்கள். வந்த கடிதங்களில் பாதி, எந்த ரிசார்ட்டில் நீச்சல் குளம் நன்றாக இருக்கும் என்று கேட்கிற கடிதம். அதற்கு நான் ஆள் இல்லை. காலமெல்லாம் பூகோளம் நடத்தியவளுக்குக் கல், மண், ஆறு, வாய்க்கால் இவைதான் தெரியும். அந்த வகையறாவை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போகிறோம். நான், கணவர், மாமியார், ஏழு வயதில் ஒரு பெண், பன்னிரண்டு வயதில் ஒரு பையன். வழியில் திருவக்கரை கல்மரப் பூங்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். "பெட்ரோல் போட்டுக்கொண்டு போய் வெயிலில் கல்லைப் பார்க்கணுமா?" என்கிறார் கணவர். மாமியார் இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை. என்ன சொல்லி அழைத்துப் போவது?
— ஒரு வாசகி, குரோம்பேட்டை

முதலில் மாமியாரை உங்கள் பக்கம் இழுத்துவிடுங்கள். அது சுலபம். திருவக்கரையில் சந்திரமௌலீஸ்வரர் கோயில் இருக்கிறது, சம்பந்தர் பாடிய தலம். மூலவர் மூன்று முகம் கொண்ட லிங்கம், வேறு ஊரில் லேசில் கிடைக்காத தரிசனம். அதே கோயிலில்தான் வக்கிரகாளியம்மனும் இருக்கிறாள். இதைச் சொன்னால் போதும், முதல் நாள் இரவே பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிடுவார். ஆனால் நாள் பார்த்துப் போங்கள். பௌர்ணமியன்று இரவு ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் தாங்காது. மாமியாருக்கு அதுதான் வேண்டும் என்றால் பௌர்ணமிக்குப் போங்கள், ஆனால் அன்றைக்குக் கல்மரத்தை மறந்துவிடுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் சாதாரண நாள், காலை வேளை.

அடுத்தது கணவர். அவரிடம் கல் என்கிற வார்த்தையையே எடுக்காதீர்கள். இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரக்கட்டை என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும். திண்டிவனம்–புதுச்சேரி சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போக வேண்டும், மயிலம் வழியாகவும் போகலாம். சங்கராபரணி ஆற்றங்கரை ஊர். செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் அதற்கே வேறு பெயர்கள் உண்டு. ஊர் நெருங்க நெருங்க மண் செக்கச் செவேலென்று மாறும். பிள்ளைகளை அப்போதே ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செம்மண்ணுக்கு அடியில் இருக்கும் மணற்கல்லுக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். கல்மரங்கள் எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வெளியே வந்தவை.

உள்ளே போனதும் ஏமாற்றமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெட்டிப் போட்ட கட்டைகள் அங்கங்கே கிடக்கிற மாதிரிதான் தெரியும். ஊஞ்சல் கிடையாது, சறுக்குமரம் கிடையாது. பல குடும்பங்கள் ஐந்து நிமிஷத்தில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று வெளியே வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை, எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் நீங்கள் சொல்லுங்கள்.

ஏதாவது ஒரு கட்டையின் வெட்டுமுகம் தெரிகிற பக்கமாகப் போய்ப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். மரத்துக்குள் இருக்கும் வளையம் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் கிளை புறப்பட்ட இடத்தில் கணு தெரியும். தச்சுப்பட்டறையில் பார்க்கிற அதே கணுதான், தட்டினால் மட்டும் கல். மரத்தின் மேல் கல் பூசியிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலுக்கடியில் மரம் புதைந்துபோகிறது. காற்றுப் படாததால் மக்க வழியில்லை. மணலுக்குள் ஊறுகிற தண்ணீரில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே தாதுப்பொருள், கரைந்திருக்கும். அந்தத் தண்ணீர் மரத்தின் மெல்லிய குழாய்களுக்குள் இறங்கி, செல் செல்லாக இடம் பிடிக்கிறது. மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்ய, சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறுகிறது. கடைசியில் மரத்தின் வடிவம் அப்படியே நிற்கிறது, மரம் இல்லை. எங்கள் பேரன் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ வாடகைக்கு வந்தவன் வீட்டையே எடுத்துக்கிட்டானா பாட்டி?" என்றான். புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை.

அப்புறம் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். பன்னிரண்டு வயசுக்குச் சும்மா பார்ப்பது பிடிக்காது. வேரோ கிளையோ உள்ள ஒரு மரத்தைக் கண்டுபிடித்தால் புதுச்சேரியில் ஐஸ்கிரீம் என்று பந்தயம் கட்டுங்கள். பயப்படாமல் கட்டலாம், அங்கே ஒன்றுகூடக் கிடைக்காது. எல்லாம் வெறும் தண்டுதான். அதிலிருந்துதான் இவை இங்கே வளர்ந்த மரங்கள் இல்லை, எங்கேயோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரும்போது வேரும் கிளையும் ஒடிந்து போனவை என்று புவியியல் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். பையன் தேடிக் களைத்து வந்து நிற்கும்போது இதைச் சொல்லுங்கள், அவனே ஒரு ஆராய்ச்சி செய்து முடித்த மாதிரி இருக்கும். ஐஸ்கிரீமையும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கணவருக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றால் இதையும் சொல்லலாம்: 1781-லேயே சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இந்த மரங்களைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கியது. மாமியாருக்கு இன்னொரு கதை உண்டு. பெருமாள் வதம் செய்த வக்கராசுரனின் எலும்புகள்தான் இந்தக் கல்மரங்கள் என்று அங்கே சொல்வார்கள். பூகோள டீச்சராக இருந்துகொண்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், பூமிக்குள்ளிருந்து வந்த இந்தப் பொருள் சாதாரணக் கல் இல்லை என்று அந்த ஊர்க்காரர்களுக்கு விஞ்ஞானம் வருவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்தக் கவனிப்புக்கு ஒரு மரியாதை கொடுக்க வேண்டாமா?

தண்ணீரும் தொப்பியும் நீங்களே கொண்டுபோய்விடுங்கள். அரைமணி, மிஞ்சினால் முக்கால் மணி. அதற்கு மேல் இழுத்தால் அடுத்த தடவை கணவர் வண்டியை அந்தப் பக்கம் திருப்பவே மாட்டார்.

டீச்சர், கல்மரப் பூங்காவில் சின்னச் சின்னத் துண்டு கீழே கிடக்குமாமே, ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளலாமா? என் கல் சேகரிப்பில் வைத்துக்கொள்வேன்.
— ஆறாம் வகுப்பு மாணவன், விழுப்புரம்

கூடாதுப்பா. அது அரசாங்கம் பாதுகாக்கிற இடம். நீ ஒன்று, உன் சிநேகிதன் ஒன்று என்று எடுத்தால் உன் தங்கை போகும்போது செம்மண் மட்டும்தான் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போய் அந்த வளையங்களை வரைந்துகொண்டு வா. உன் சேகரிப்புக்குக் கல் வேண்டுமென்றால் சங்கராபரணி ஆற்று மணலில் கூழாங்கல் பொறுக்கு, அதுவும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. எந்தக் கல்லை எங்கே எடுத்தாய் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வை. இடம் எழுதாத கல்லால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எப்போது பார்த்தாலும் திருவக்கரை, திருவக்கரை என்றே எழுதுகிறீர்கள். எங்கள் ஜில்லா சாத்தனூர் கல்மரம் அதைவிட எத்தனையோ மடங்கு பழையது. உங்கள் ஊர்ப் பக்கம் என்பதால்தானே இந்த ஓரவஞ்சனை?
— ஒரு வாசகர், பெரம்பலூர்

ஆமாம், பாசம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சாத்தனூர் மரம் சுமார் 12 கோடி வருஷப் பழசு, டைனோசர்கள் உலாத்திய காலத்தது. திருவக்கரை மரம் வளர்ந்தபோது டைனோசர்கள் அழிந்து நாலு கோடி வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே பிள்ளைகள், "டைனோசர் இந்த மரத்தைப் பார்த்திருக்குமா?" என்று கேட்டால் திருவக்கரையில் இல்லை என்றும் சாத்தனூரில் அந்தக் காலம்தான் என்றும் பதில் சொல்ல வேண்டும். படுத்துக் கிடக்கிற தண்டு 18 மீட்டர் நீளம். எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டுபிடித்துச் சொன்னது. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவர், பிற்பாடு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு முதல் இந்திய இயக்குநராக ஆனார்.

அப்போது அந்தப் பக்கம் கடல். பெரம்பலூரில் நின்றுகொண்டு கடல் என்றால் சிரிப்பார்கள், ஆனால் பக்கத்தில் காரை என்கிற ஊர்ப் பகுதியில் மண்ணுக்குள் கடல் உயிரிகளின் சுவடு கிடைக்கிறதே, அதற்கு வேறு என்ன காரணம் சொல்வது? கரையில் நின்ற மரம் கடலுக்குள் போய், சேற்றில் புதைந்து, கல்லானது.

உங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு நான் கொடுக்கிற ஒரே எச்சரிக்கை இது. போனில் வெறும் "சாத்தனூர்" என்று அடித்துவிட்டுக் கிளம்பினால் அது திருவண்ணாமலை ஜில்லா சாத்தனூர் அணைக்குக் கொண்டுபோய் விடலாம். அங்கே முதலைகள் இருக்கின்றன, கல்மரம் இல்லை. பெரம்பலூர் என்று சேர்த்து அடிக்க வேண்டும். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே பிரிய வேண்டும். ஒரே ஒரு மரம்தான், அதைச் சுற்றி வேலி. பார்த்துவிட்டு, சுற்றியிருக்கிற கரட்டு நிலத்தை ஒரு நிமிஷம் பார்த்து இங்கே அலை அடித்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்த நினைப்பு வரவில்லை என்றால் இறங்கிய பயன் இல்லை.

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைக் கல்லுக்குக் கீழே நின்று எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். என் பெண் (8 வயது) "விழுந்துடும்பா" என்று அழுது, பக்கத்திலேயே வரவில்லை. விழாது என்று நான் எதை வைத்துச் சொல்வது? எனக்கே கொஞ்சம் உதறல்தான்.
— ஒரு அப்பா, காஞ்சிபுரம்

பெண் கெட்டிக்காரி. ஆறு மீட்டர் உயரம், ஏறக்குறைய 250 டன் எடை, சரிவில் ஒரு சின்னப் பரப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை.

அவளைக் கல்லின் முன்பக்கத்துக்கு இழுக்காதீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். தூரமாகச் சுற்றி மேலே ஏறிப் பின்பக்கம் கூட்டிப் போங்கள். பின்னால் பார்த்தால் அது உருண்டையே இல்லை! ஒரு பெரிய சில் உடைந்து போய், பாதி வெட்டின மாதிரி இருக்கும். முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் அது வெண்ணெய். இதைப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

மீதி பாதிக்கு விளக்கம். இது எங்கிருந்தோ உருண்டு வந்து மயிரிழையில் நின்ற கல் இல்லை. அங்கேயே இருந்த பாறையின் மிச்சம். கருங்கல் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழும். வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் இறங்கும். சதுரக் கட்டியாக இருப்பதில் மூலைகளைத்தான் தண்ணீர் இரண்டு மூன்று பக்கத்திலிருந்தும் தின்னும், அதனால் மூலைகள் முதலில் போகும். மூலை போனால் கட்டி உருண்டையாகும். சுற்றியிருந்த உதிரிகளை மழை அடித்துக்கொண்டு போக, நடுவில் இருந்தது மட்டும் நிற்கிறது. அதன் ஈர்ப்பு மையம் அடியில் ஒட்டியிருக்கும் பரப்புக்கு நேர் மேலே விழுகிறது, அடியில் உராய்வும் இருக்கிறது. இந்த இரண்டும் இருக்கிற வரை சரிவு ஒன்றும் செய்யாது.

1908-ல் சென்னை கவர்னராக இருந்த ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார், கல் அசையவில்லை என்று ஒரு கதை எல்லா கைடுகளும் சொல்வார்கள். யானைக் கணக்குக்கு நான் பொறுப்பில்லை, ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதை. 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் கைகோத்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டது இதன் முன்னால்தான். அதற்கப்புறம் கூட்டம் இன்னும் ஏறிவிட்டது.

நான் பயப்படுவது கல்லுக்கு இல்லை, சரிவுக்கு. பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி அந்தப் பாறை வழவழவென்று ஆகிவிட்டது. ரப்பர் செருப்பு வேண்டாம். வயதானவர்களைக் கீழேயே புல்லில் உட்கார வைத்துவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும், காலையில் முதல் ஆளாகப் போங்கள். தொல்லியல் துறை டிக்கெட் உண்டு. மற்றச் சிற்பங்களை எல்லாரும் காட்டுவார்கள், நீங்கள் இன்னொன்றைக் காட்டுங்கள்: சுற்றியுள்ள பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். கல்லைப் பிளக்க ஆப்பு இறக்கிய குழிகள். உளி பிடித்தவன் கணக்குப் போட்டு, ஏதோ காரணத்தால் பாதியில் விட்டுவிட்டுப் போன வேலை. எனக்கு வெண்ணெய் உருண்டையைவிட அந்தக் குழிகள்தான் பிடிக்கும், ஆனால் அதன் முன்னால் நின்று யாரும் போட்டோ எடுப்பதில்லை.

லடாக்கில் "காந்த மலை" என்று ஒரு இடம் இருக்கிறதாம். இன்ஜினை அணைத்துவிட்டால் கார் தானாக மேட்டில் ஏறுமாம். மாமா வீடியோ அனுப்பியிருக்கிறார். நிஜமா?
— கல்லூரி மாணவர், ஈரோடு

வீடியோ நிஜம், மேடுதான் பொய். லேயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ஸ்ரீநகர் சாலையில் இருக்கிறது. அங்கே சாலை உண்மையில் லேசாக இறங்குகிறது. சுற்றிலும் மலைகள் சாய்ந்து நின்று அடிவானத்தை மறைப்பதால் கண்ணுக்கு எது மட்டம் என்று தெரியாமல் போய், இறக்கம் ஏற்றமாகத் தெரிகிறது. மாமா அடுத்த தடவை போகும்போது கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம் இரவல் வாங்கிக்கொண்டு போகச் சொல். சாலையில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இதற்காக மட்டும் லடாக் போக வேண்டாம். போனால் நிற்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறோம். எனக்குத் தேரிக்காடு, அந்தச் சிவப்பு மணல் மேடுகள், பார்க்கணும் என்று ஆசை. அப்பா வண்டியை எடுத்தால் கோயில் வாசலில்தான் நிறுத்துவார். டீ குடிக்கக்கூட இறங்கமாட்டார். ஏதாவது வழி சொல்லுங்க டீச்சர்.
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

உன் அப்பா மாதிரி ஒருவரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன், அதனால் அனுபவத்திலிருந்து சொல்கிறேன் கேள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது "நிறுத்துங்க" என்று சொன்னால் எந்த அப்பாவும் நிறுத்தமாட்டார். அவர் மனசில் ஒரு நேரக்கணக்கு ஓடுகிறது, நாம் அதை உடைக்கிறோம். முதல் நாளே அந்தக் கணக்குக்குள் இதைச் சேர்த்துவிட வேண்டும். இத்தனை மணிக்குக் கிளம்பினால் இத்தனை மணிக்குத் தேரி, அப்புறம் தரிசனம் என்று சாப்பிடும்போது சொல்லிவை. இன்னும் நல்லது, போகும்போது விட்டுவிட்டுத் திரும்பும்போது கேள். முருகனைப் பார்த்த பிறகு அவருக்கு அவசரம் இருக்காது.

இதில் உனக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது, தேரியிலேயே சாமி உண்டு. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அந்தச் சிவப்பு மணலுக்கு நடுவில்தான். பெயருக்கேற்ற மாதிரி சுனையும் இருக்கிறது. குலசாமி என்று எங்கெங்கோ இருந்து குடும்பங்கள் வருகிற கோயில். அப்பாவிடம் "மணல் பார்க்கணும்" என்று சொல்லாதே, "அய்யனாரைப் பார்த்துவிட்டுப் போவோம்ப்பா" என்று சொல்.

மணல் ஏன் சிவப்பு என்று கேட்பார்கள். ஒவ்வொரு மணல் துகள் மேலும் இரும்பு ஆக்ஸைடு மெலிசாகப் படிந்திருக்கிறது. காற்று கொண்டுவந்து குவித்த மேடுகள் அவை. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் போனால் பனையும் முந்திரியும் மட்டும் நடுவில் நிற்க, மற்றதெல்லாம் சிவப்பு. பொழுது சாயும் நேரத்தில் அந்த நிறத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டே எச்சரிக்கை. காரை மணலுக்குள் இறக்காதே, சக்கரம் புதைந்தால் அப்பா ஆயுசுக்கும் உன்னை மன்னிக்கமாட்டார். மத்தியானத்தில் செருப்பைக் கழற்றாதே. சீசனாக இருந்தால் வழியில் பதநீர் கிடைக்கும். டீக்கு இறங்காத அப்பாவும் பதநீருக்கு இறங்குவார், பார்.

புதுக்கோட்டை குளமங்கலத்தில் பெரிய குதிரைச் சிலை இருக்கிறதாமே? எங்கள் பிள்ளைகள் பெங்களூரில் வளர்ந்தவர்கள், வேடிக்கையாக இருக்கும் என்று காட்ட நினைக்கிறோம். ஆனால் அது கோயில் என்கிறார்கள். சுற்றுலா போகிற மாதிரிப் போகலாமா?
— ஒரு தம்பதி, ஓசூர்

கேட்டீர்களே, அதுவே போதும். பலர் கேட்காமலே போய்க் குதிரைக் காலடியில் ரீல்ஸ் எடுக்கிறார்கள்.

அது பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். கீரமங்கலத்துக்குப் பக்கம், வில்லுனி ஆற்றங்கரை. முப்பது அடிக்கு மேல் உயரமான குதிரை, முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கிற மாதிரி. ஆசியாவிலேயே பெரிய குதிரைச் சிலை என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதை அளந்து சரிபார்க்கிற வேலை நமக்கெதற்கு? அய்யனார் ராத்திரியில் ஊரைச் சுற்றி வருகிற வாகனம் அது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள், "பெரிய பொம்மை" என்று சொல்லாதீர்கள். செருப்பைக் கழற்றி, அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்க்கட்டும். வேடிக்கை பார்ப்பது தப்பில்லை. சாமிக்கு வேண்டுதலோடு வந்து நிற்கிறவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போட்டோ எடுப்பதுதான் தப்பு.

முடிந்தால் மாசி மகத்துக்குப் போங்கள். வேண்டிக்கொண்டவர்கள் குதிரைக்குக் காகிதப்பூ மாலை போடுவார்கள். குதிரையின் உயரத்துக்கு மாலை என்றால் எவ்வளவு நீளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்; கையில் கொண்டுவர முடியாது, வண்டியில்தான் வரும். ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் குதிரையே தெரியாது, வண்ண மலை மட்டும் நிற்கும். கூட்டத்தில் பிள்ளைகள் கையை விடாதீர்கள். பெங்களூர்ப் பிள்ளைகள் ஆயிற்றே, கூட்டத்துக்குப் பழக்கம் இருக்கும், வெயிலுக்குத்தான் இல்லை.

கன்னியாகுமரி போகும்போது மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பார்க்கலாமா? அம்மாவுக்கு உயரம் என்றால் பயம். குழந்தைகளுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றும் யோசனை.
— வங்கி ஊழியர், மதுரை

கட்டாயம் பாருங்கள். மேலே சொன்ன இடங்களெல்லாம் இயற்கையோ பக்தியோ செய்தவை, இது நம் இன்ஜினியர்களும் கூலியாட்களும் செய்தது. திருவட்டாறுக்குப் பக்கத்தில் பறளியாற்றுப் பள்ளத்தாக்கு குறுக்கே கிடக்கிறது. அந்தப் பக்கத்து வாய்க்கால் தண்ணீரை இந்தப் பக்கத்து மலைக்குக் கொண்டுவந்தால்தான் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம். பள்ளத்தில் இறக்கினால் தண்ணீர் திரும்ப மேலே ஏறாது. அதனால் வாய்க்காலையே தூக்கி ஆகாயத்தில் வைத்துவிட்டார்கள்! 28 தூண்கள், 115 அடி உயரம், 1966-ல் கட்டியது. காமராஜர் முயற்சியில் வந்த பாலம் என்று இன்றைக்கும் அங்கே சொல்வார்கள்.

குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே ஆறு, அதற்கு மேலே வாய்க்கால், அதற்குப் பக்கத்தில் நாம் நடக்கிறோம். இரண்டு தண்ணீர், ஒன்றை ஒன்று தொடாமல் குறுக்கே போகின்றன. இதைவிடப் பெரிய வேடிக்கை என்ன வேண்டும்? தொட்டி ஏழடி ஆழம். அங்கங்கே மூடாமல் திறந்திருக்கும் இடத்தில் எட்டிப் பார்க்கலாம், பிள்ளைகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அணை திறந்து பாசனம் நடக்கிற மாதங்களில் போனால்தான் தண்ணீர் ஓடும். கோடையில் போனால் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான், எனவே சித்திரை லீவைவிட ஆடி, ஆவணியில் போவது நல்லது.

அம்மாவைப் பாலத்தில் நடக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். "ஒன்றும் ஆகாதும்மா" என்று சொல்வதால் பயம் போகாது. படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கினால் தூண்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம், ஆறும் அங்கேதான். என் நாத்தனாருக்கும் உயரம் ஆகாது. அவர் கீழே நின்று பார்த்துவிட்டு, மேலே நடந்து வந்த எங்களைவிட அதிகமாகப் பாலத்தைப் பற்றிப் பேசினார். படி ஏறி வர மூட்டு ஒத்துழைக்காது என்றால் அதுவும் வேண்டாம், பாலம் தொடங்குகிற இடத்தில் கடைப் பக்கம் உட்கார வைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவின அன்னாசித் துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் போய் வாருங்கள்.